புழுவுக்கு ஐந்து வரிசை

காரைக்குழியில் உரக்கடையும் விதைக்கடையும் ஒன்றாக வைத்திருந்த வையாபுரியின் வீட்டில், புரட்டாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ஊர்க்காரர்கள் எல்லாரும் மழை ஈரத்தில் பருத்தி ஊன்றிவிட்டு வந்து கரிசல் போகக் கால் கழுவிய மறுவாரம், பரண்மேல் பருத்தி முளைத்தது. பரணில் மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஓட்டு இடுக்கில் விழுகிற ஒரு கையகல வெயிலைத் தவிர வெளிச்சமும் இல்லை, ஆனாலும் முளைத்தது. அவர் மனைவி தையல்நாயகி கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து வெள்ளையாக ஒரு வேர் இறங்கிவந்து அவள் உச்சந்தலையைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற அதே குரலில், "ஏங்க, பரணு முளைச்சிருச்சு" என்றாள்.

வையாபுரிக்கும் ஆச்சரியமாக இல்லை. ஏணியை வைத்து ஏறிப் பார்த்தார். பதினாலு வருஷமாக அவர் கையாலேயே அடைத்து வைத்த சின்னப் பொட்டலங்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒவ்வொரு வாயிலிருந்தும் இரண்டு இலை விட்டு, கூட்டத்தில் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதுபோல நாற்றுகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்தப் பொட்டலங்களின் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். தின்ற புழு செத்துப்போகிற பருத்தி விதை புதிதாகக் கடைக்கு வந்த காலத்தில், கம்பெனிக்காரர்கள் பெரிய பையோடு ஒரு சின்னப் பொட்டலத்தையும் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். பெரிய பையில் இருப்பது காடு முழுக்க ஊன்றுவதற்கு. சின்னதில் இருப்பது பழைய சாதாரணப் பருத்தி. அதைக் காட்டைச் சுற்றி ஐந்து வரிசை ஊன்ற வேண்டும். அந்த ஐந்து வரிசையும் புழுவுக்கு. புழு அதில் வந்து தின்று, பெருத்து, குடும்பம் நடத்திக்கொள்ளலாம். இது என்ன கூத்து என்று கேட்கத் தோன்றும். வையாபுரிக்கும் தோன்றியது, கேட்கவும் கேட்டார். திருச்சியில் ஒரு ஓட்டல் மாடியில் கடைக்காரர்களை எல்லாம் உட்காரவைத்துப் பிரியாணி போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். அன்றைக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, கிராமத்து ஆளுக்குப் புரியும்படியாகவே பதில் சொன்னார்.

"காட்டுக்குள்ள தின்னும் சாகாம தப்பிக்கிற புழு எங்கயாச்சும் ஒண்ணு இருக்கத்தான் செய்யும். அதுக்கு ஓரத்துல வளர்ற சாதாரணப் புழுவோட சம்பந்தம் ஆச்சுன்னா, பொறக்கிற பிள்ளை செடியைத் தின்னா செத்துரும். ஓரமே இல்லைன்னு வையுங்க, தப்பிச்சதும் தப்பிச்சதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கட்டிக்கும். அப்புறம் பொறக்கிறது எதுவும் சாகாது. நீங்க என்ன மருந்து அடிச்சாலும் சிரிக்கும்."

புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூட வையாபுரிக்கு வழி இல்லை. அவ்வளவு நன்றாகப் புரிந்தது. ஊருக்கு வந்து முதல் ஆளுக்கு அப்படியே சொல்லவும் செய்தார். முதல் ஆள் கடை அதிரச் சிரித்தான். "ஏன்யா, புழுவுக்கு வெள்ளாமை வைக்கிறதுக்கா நான் கடன ஒடன வாங்கி உழுது போட்டிருக்கேன்? அதுக்கு எலை போட்டுச் சோறும் பரிமாறச் சொல்லுவ போலிருக்கே!" என்று, கூட நின்ற நாலு பேரையும் சிரிக்கவைத்துவிட்டு, எதிர்த்த ஊர்க் கடைக்குப் போய்விட்டான். வையாபுரிக்கு முகம் செத்துப்போயிற்று. அன்று மதியமே கல்லாவுக்கு மேலே ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பை கைமாறினாலும் முதலில் கத்தரிக்கோல் விழும். சின்னப் பொட்டலம் கல்லாவுக்கு அடியில் போகும். பெரிய பை சம்சாரி கைக்குப் போகும். யாரும் கேட்கவில்லை. குப்பையில் கொட்டப் போனபோது தையல்நாயகிதான் குறுக்கே வந்து நின்றாள். விதையைக் குப்பையில் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். அதனால் கொடுக்கவும் இல்லாமல் எறியவும் இல்லாமல் எல்லாம் பரணுக்குப் போயிற்று.

யாரும் கேட்கவில்லை என்று சொன்னது பொய். ஒருத்தி கேட்டாள். அவர் கூடப் பிறந்த தங்கை பூங்காவனம். உள்ளூரிலேயே மருதைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்; இரண்டு ஏக்கர் காடு. அவளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், சிறுவயதிலிருந்தே அப்படி. கத்தரிக்கோல் விழுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது என்னாண்ணே சின்னதா?" என்றாள்.

"அது ஒண்ணுமில்ல. சும்மா எடைக்கு வச்சிருக்கான்."

"எடைக்கு வைக்கிறவன் தனியாவா தைப்பான்?"

"நான் சொல்றேன்ல, போ."

அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், புடவைத் தலைப்பில் நைந்துபோன கரையை ஒரு விரற்கடை கிழித்து, பசுமாட்டுக்குப் போடுகிற இரட்டை முடிச்சைப் போட்டுப் பொட்டலத்தைக் கட்டி அவரிடமே கொடுத்தாள். "என்னுத மட்டும் தனியா வையி. யாரையாச்சும் கேட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். வேறு யாரையும் அவள் கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரியாததா இன்னொருத்தனுக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

ஏழெட்டு வருஷம் பருத்தி அள்ளிக் கொடுத்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தெளிப்பான்கள் துருப்பிடித்துக் கொட்டகையில் கிடந்தன. காட்டில் தேனீச் சத்தம் கேட்டது. வையாபுரிகூட, கம்பெனிக்காரன் சும்மா பயம் காட்டியிருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கினார். அப்புறம் ஒரு தை மாதம் காயை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, வெற்றிலை போட்ட வாயோடு உட்கார்ந்திருந்தது. அடுத்த வருஷம் பத்துக் காய்க்கு ஒன்று. அதற்கடுத்த வருஷம் வெடித்த பருத்தியெல்லாம் கறை. துருப்பிடித்த தெளிப்பான்களுக்கு எண்ணெய் போட்டார்கள். மருதை மூன்று மருந்தைக் கலந்து அடித்தான். கலக்கச் சொன்னது அவன் மச்சான் வையாபுரிதான். ஒரு மத்தியானம் தெளிப்பானை முதுகில் சுமந்தபடியே சால் நடுவில் விழுந்துவிட்டான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தபோது கை நடுக்கம் கூடவே வந்திருந்தது. டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பூங்காவனம் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. பஸ் ஏறும்போது, "நீ என்னா பண்ணுவ, எல்லாம் எங்க தலையெழுத்துண்ணே" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆறுதல்தான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. சோறு இறங்கினாலும் அது இறங்கவில்லை.

இந்தப் பொட்டலங்கள்தாம் முளைத்தன. ஐப்பசியில் செடி ஓட்டைத் தூக்கியது. வேர்கள் சுவரோரமாக இறங்கித் தரைக்குள் போயின. வையாபுரியும் தையல்நாயகியும் குனிந்து விலகிச் சோறு தின்னவும் குனிந்து விலகிப் படுக்கவும் பழகிக்கொண்டார்கள். கார்த்திகையில் பூத்தது. காலையில் வெளிர் மஞ்சளாகவும் மறுநாள் ரோஜா நிறமாகவும் வீடு முழுக்கப் பூ. முதல் காய் பிடித்த அன்று, காலை எட்டு மணிக்குக் காரைக்குழிக் காடுகளில் இருந்த புழுக்கள் எல்லாம் செடியை விட்டு இறங்கி வரப்பேறின. வரப்பிலிருந்து வண்டிப் பாதை, வண்டிப் பாதையிலிருந்து தார் ரோடு என்று, இளஞ்சிவப்பு நூலைத் தரையில் இழுத்துவிட்டதுபோல ஒரே வரிசையாக வந்து, வையாபுரி வீட்டு வாசற்படியேறி, சுவரேறி, பரணேறி, அவரவர் காயைப் பார்த்து உள்ளே போய்விட்டன.

எட்டே காலுக்கு வந்த டவுன் பஸ் ரோட்டில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "புழு கடக்குது, கொஞ்சம் பொறுங்க" என்றார். ஒன்பது மணி ஆயிற்று. அவசரக்காரர்கள் இறங்கி நடந்தார்கள். மற்றவர்கள் டீ குடித்தார்கள். மறுநாள் புதிதாகப் பொரித்தவை வந்தன, அதற்கு மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் பஸ் டெப்போவில் பஸ்ஸை ஒன்பதுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மணியை அரைமணி தள்ளி அடித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் செங்கமலம், வண்டி ஏறி நசுங்கக் கூடாது என்று புழு கடக்கிற இடத்தில் வேகத்தடை போட்டுக் கொடுத்தார். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் 'மற்றவை' என்று இருந்த கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மோர் குடித்துப் போனார்.

மாசியில் ஊர்க் காடுகளில் எடுத்த பருத்தி அவ்வளவும் மல்லிகை. ஒரு கறை இல்லை. அதோடு ஊருக்கு வையாபுரி வீடு கோயிலாகிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பரணில் ஊற்றினார்கள். நிலைக்கதவில் மஞ்சள் துணி கட்டினார்கள். பிள்ளையில்லாதவர்கள் வேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெண் கேட்டு வருகிற வெளியூர்க்காரர்கள், "புழுவூட்டு ஊருதானே?" என்று மதிப்பாகக் கேட்டார்கள். வையாபுரி தெருவில் நடந்தால், நேற்று வரை மருந்து போலி என்று சண்டை பிடித்தவர்கள்கூடத் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். "ஊருப் பாவத்தையெல்லாம் ஒரு வீட்டுல தாங்குற மகராசன்" என்று ஒரு கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்தக் கையால்தான் கத்தரிக்கோல் பிடித்தேன் என்று சொல்ல வையாபுரி வாயைத் திறந்தார். வெறும் இருமல்தான் வந்தது.

வீட்டுக்குள் இருப்பது வேறு கதை. புழு கடிக்கிற சத்தம் காதில் விழாது என்று நினைக்கிறோம். ஒரு ஊர்ப் புழுவும் ஒரே கூரைக்கடியில் தின்றால் விழும். வையாபுரி சாப்பிட உட்கார்ந்தால் அவையும் தின்றன. சோற்றில் விழுந்ததை எடுத்துத் திரும்பக் காயில் விட்டுவிட்டு அவர் மிச்சத்தைத் தின்றார். தையல்நாயகியிடம் ஒருநாள், "இது சாமி இல்ல தையலு. இது நான் செஞ்சது" என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாதா? பரணுக்கு ஏத்தச் சொன்னதே நாந்தானே. இப்ப போயி ஊரக் கூட்டிச் சொல்லி என்னா ஆவப்போவுது? சும்மா கெடங்க" என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவளும் வேரைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் எதிரே நிற்காமல் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஆடி மாதம் காய்ந்த சருகை அள்ளுவதற்குப் பரண் ஏறிய வையாபுரி, மூலையில் ஒரு பொட்டலம் மட்டும் முளைக்காமல் இருப்பதைப் பார்த்தார். தையல் பிரியவில்லை. நைந்த நீலக்கரையில் இரட்டை முடிச்சு. கையில் எடுத்தபோது உள்ளே விதைகள் கலகலத்தன. எல்லாம் தாமாக வாயைத் திறந்துகொண்டபோது இது மட்டும், யாரோ வந்து கேட்பார்கள் என்று பதினாலு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் ஏணியிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஆவணி பிறந்ததும் பூங்காவனம் வந்து இறங்கினாள். திருப்பூர் வரைக்கும் சேதி போயிருந்தது. காட்டில் புழு இல்லை என்கிறார்களே, இரண்டு ஏக்கரும் தரிசாய்க் கிடக்கிறதே, இந்த வருஷம் ஊன்றிப் பார்க்கலாம் என்று மருதையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்து, "எங்கண்ணன் எம்மாம் பெரிய மனசு பாருங்க" என்று புருஷனிடம் சொன்னாள். மருதை நடுங்குகிற இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். வையாபுரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

அன்று பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் ஊர்க்கூட்டம். விதைப்புக்கு முந்தி அவருக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. மாலையும் சால்வையும் விழுந்தபிறகு, நாலு வார்த்தை பேசுங்க என்று செங்கமலம் மைக்கைக் கொடுத்தார். வையாபுரி சால்வையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார்.

"நான் மகராசன் இல்ல. பரண்ல இருக்கிறது உங்க பொட்டலம். உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி வந்தது. காட்டச் சுத்தி அஞ்சு வரிச ஊனியிருந்தா இந்தப் புழு வந்திருக்காது. இல்ல, ரொம்ப நாளு கழிச்சு வந்திருக்கும். எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தாங்க. சிரிச்சுட்டீங்கன்னு வெக்கப்பட்டு வெட்டி வச்சிக்கிட்டேன். மருதை கை நடுங்குறது என்னாலதான்."

கல்லெறிவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார்; எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. முன்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சரி, அது போவட்டும். இந்த வருசமும் புழு உங்க வீட்டுலயே இருக்குமுல்ல?"

"அத ஏன் என்னையக் கேக்குறீங்க? ஆளுக்கு அஞ்சு வரிச விடுங்க. விதை பரண்ல வெடிச்சுக் கெடக்கு. நானே தாரேன்."

"அதான் மொத்தமா உங்க வீட்டுல விட்டாச்சே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் கடையில் சிரித்த அதே சிரிப்பு. செங்கமலம் மைக்கை வாங்கிக்கொண்டு, "பெரியவங்க தன்னடக்கமாப் பேசுறாங்க" என்று கூட்டத்தை முடித்துவைத்தார். சால்வையை மறுபடியும் எடுத்து அவர் தோளில் போட்டார்கள்.

சிரிக்காதவள் ஒருத்திதான். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து அண்ணன் எதிரே நின்று, உள்ளங்கையை நீட்டினாள் பூங்காவனம்.

"என்னுது எங்க?"

அவர் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் முடிச்சைப் பார்த்தாள். விரலால் ஒருதரம் தடவினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் கேட்டேனேண்ணே" என்றாள். அவ்வளவுதான். மருதையின் கையைப் பிடித்துக்கொண்டு பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள். தையல்நாயகி கொடுத்துவிட்ட சோற்றுத்தூக்கு தொடாமல் திரும்பி வந்தது.

மழை பெய்ததும் பூங்காவனம் காடு முழுக்கப் பெரிய பை விதையை ஊன்றினாள். சுற்றி ஐந்து வரிசை அந்தப் பொட்டலத்து விதையை ஊன்றினாள். பதினாலு வருஷத்து விதை முளைக்காது என்றார்கள். ஒன்று விடாமல் முளைத்தது. அப்புறம்தான் ஊருக்கு உறைத்தது. இருக்கிற புழுவை இவள் காட்டுக்குக் கூப்பிடுகிறாளே என்று நாலு பேர் போய்ச் சண்டை பிடித்தார்கள். அவள் களைக்கொட்டை நிறுத்தாமல், "எம் பங்குதானே கூப்புடுறேன், உங்க பங்க நீங்க அங்கேயே வச்சிக்கங்க" என்றாள்.

கார்த்திகையில் ஐந்து வரிசையும் மொட்டு வைத்த அன்று காலை எட்டு மணிக்கு, வையாபுரி வீட்டுப் பரணிலிருந்து புழுக்கள் இறங்கின. எல்லாம் இல்லை, ஒரு பங்குதான். சுவர் இறங்கி, வாசற்படி இறங்கி, ரோட்டைப் பார்த்து வரிசை பிடித்தன. வையாபுரி சட்டைகூடப் போடாமல் முன்னால் நடந்தார். வேகத்தடையில் நின்று இரண்டு கையையும் விரித்து வண்டிகளை மறித்தார். வண்டிப் பாதையில் கிடந்த முள்ளைப் பொறுக்கினார். ஒரு காக்கையை விரட்டினார். புழுவின் வேகத்துக்கு ஒரு மனிதன் நடப்பது லேசான காரியம் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று, அரைக் கல் தூரம் நடக்க மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளங்கால் கொப்புளித்தது. அந்த எரிச்சல் அவருக்கு வேண்டியிருந்தது.

பூங்காவனம் ஓர வரிசையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் மருதை மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரப்பில் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்தாள். புழு ஏறுவதற்குத் தோதாக, வரப்போரம் சாய்ந்திருந்த ஒரு செடியை நிமிர்த்தி மண்ணை அணைத்துவிட்டாள். வையாபுரி வரப்பில் ஒரு காலை வைத்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. புழுவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அதுங்க வரட்டும். நீ அங்கயே நில்லு."

அவர் காலை எடுத்துக்கொண்டார். கடைசிப் புழு அவர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு வரப்பேறி உள்ளே போகிறவரைக்கும், போனபிறகும், வையாபுரி வெளியிலேயே நின்றார்.